மூன்று முடிச்சும் வருமான வரியும்

தை பிறந்துவிட்டால் கோவை வட்டாரத்தில் மண்டபம் கிடைப்பதில்லை. காளப்பட்டி முதல் காங்கயம் வரை வாழைமரம் கட்டாத வீதி இல்லை. அருமைக்காரர் நடத்திவைக்கும் மணம், புரோகிதர் வந்து ஓதும் மணம், தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் மணம் என்று எத்தனையோ வகை! இந்த மணவீடுகளின் பந்தியிலே அண்மைக்காலமாக ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. "இனிமேல் ரெண்டு பேரு கணக்கையும் ஒண்ணாப் போட்டு வரியைக் குறைச்சுக்கலாமாமுங்க, நெசந்தானுங்களா?" என்று மாப்பிள்ளைத் தோழர் கேட்கிறார். "அமெரிக்காவிலே அப்படித்தானுங்க" என்கிறார் பக்கத்து இலைக்காரர். "நம்ம ஊர்லயும் வந்துருச்சுங்க" என்கிறார் மூன்றாமவர். ரசம் வருவதற்குள் சட்டமே நிறைவேறிவிடுகிறது!

தோழர்களே, வரவில்லை. இந்த நாட்டில் கணவனும் மனைவியும் ஒரே கணக்கைத் தாக்கல் செய்ய வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை; அதற்குப் பதிலாக 2025இல் இயற்றப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. மூன்று முடிச்சு விழுந்ததும் ரேஷன் அட்டை மாறும், வாக்காளர் பட்டியலில் வீட்டு எண் மாறும், பெண்ணின் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைக்கூடச் சிலர் மாற்றிவிடுவார்கள். வரிக் கணக்கு மட்டும் மாறாது. பான் அட்டையை எடுத்துப் பாருங்கள். மணமாகி முப்பதாண்டு கழிந்த பெண்ணாயினும் அதில் அச்சாவது தந்தை அல்லது தாயின் பெயர். கணவன் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. அவள் ஒரு தனி ஆள், அவன் ஒரு தனி ஆள். வரித்துறையின் கண்ணுக்கு அவர்கள் வெவ்வேறு இரண்டு எண்கள்.

எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் சிந்தாமன் தேஷ்முக் ஒரு புதுமை செய்தார். அதுவரை எல்லோருக்கும் பொதுவாக முதல் 1,500 ரூபாய்க்கு வரியில்லை என்றிருந்தது. மணமானவனுக்கு அதை 2,000 ஆக உயர்த்தி, மணமாகாதவனுக்கு 1,000 ஆகக் குறைத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிள்ளைக் கணக்கும் சேர்ந்துகொண்டது: மணமாகிப் பிள்ளையில்லாதவனுக்கு 3,000, ஒரு பிள்ளை இருந்தால் 3,300, ஒன்றுக்கு மேல் இருந்தால் 3,600. ஒரு பக்கம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம், மறுபக்கம் பிள்ளைக்கு வரிச் சலுகை என்பது பொருந்திய காட்சிதானா என்று கேட்கத் தோன்றுகிறது! நாளடைவில் இவையெல்லாம் போயின. மனைவி என்பதற்காக அல்லாமல் பெண் என்பதற்காகவே தந்த ஒரு சிறு சலுகை, 2011-12இல் ஆணுக்கு 1,80,000, பெண்ணுக்கு 1,90,000 என்று இருந்தது. அடுத்த ஆண்டே அதையும் எடுத்துவிட்டார்கள்.

சரி, பழங்கதை போகட்டும். பந்தியிலே அடிபடும் பேச்சு எங்கிருந்து முளைத்தது? 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னதாக, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அரசுக்கு அனுப்பிய யோசனைகளில் ஒன்றாகக் 'கணவன் மனைவி விரும்பினால் கூட்டாகக் கணக்குக் காட்டலாம்' என்பதையும் சேர்த்திருந்தது. அந்த ஆண்டுத் திட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஆனால் யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. 'குடும்பத்துக்கு நல்லது' என்ற இனிப்பு முலாம் பூசி உலவுகிறது. நல்லதுதானா? எந்தக் குடும்பத்துக்கு நல்லது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோமே!

புதிய முறையில் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 12 இலட்சம் வரை உள்ளவருக்கு வரியே இல்லை என்று 2025இல் ஆக்கினார்கள். அது ஆளுக்கு 12 இலட்சம். பீளமேட்டு வார்ப்படசாலையில் சூப்பர்வைசராக இருக்கும் தோழர் ஒருவர். அவருடைய துணைவியார் அரசுப் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் வரிக்குரிய வருமானம் தலைக்கு 10 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கட்டும் வரி ஒன்றுமில்லை. அதே 20 இலட்சத்தை ஒரே மனிதர் சம்பாதித்தால் செஸ் நீங்கலாக 2,00,000 ரூபாய் கட்டுகிறார். இப்போது கூட்டுக் கணக்கு வந்து, இருவர் வருமானத்தையும் கூட்டி இரண்டாகப் பிளந்து வரி போட்டால் யாருக்கு இலாபம்? சூப்பர்வைசருக்கும் ஆசிரியைக்கும் ஒரு காசு இலாபமில்லை. அவர்கள் இப்போதே கட்டவில்லை. சிங்காநல்லூர் மில் தொழிலாளிக்கும் திருப்பூர் பனியன் தொழிலாளிக்கும் இலாபமில்லை. அவர்கள் வருமானம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. இலாபமெல்லாம் 20 இலட்சத்தை ஒருவரே வாங்கி, மனைவியை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் பங்களாவுக்கு! அவருக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் மிச்சம். கருவூலத்தில் விழும் அந்த ஓட்டையை அடைக்க யாரிடம் வசூலிப்பார்கள்? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் விலையோடு சேர்த்து வரி கட்டுகிறவன் யாரோ, அவனிடம்தானே!

அதைவிட ஆபத்தானது இன்னொன்று உண்டு. இதே பிளவுக் கணக்கில் கணவன் 24 இலட்சம் சம்பாதிக்கிறான், மனைவி வீட்டில் இருக்கிறாள் என்றால் தலைக்கு 12 இலட்சமாகி வரி மறைந்துவிடும். அந்தப் பெண் ஒருநாள் துணிந்து 4 இலட்ச ரூபாய் வேலையொன்றில் சேர்கிறாள். உடனே மொத்தம் 28 இலட்சம், தலைக்கு 14, வரி 1,80,000! அவள் கொண்டுவந்த நாலு இலட்சத்தில் கிட்டத்தட்ட பாதியை வரி தின்றுவிட்டதாகக் கணவன் கணக்குக் காட்டுவான். "எதுக்கு அம்மணி இந்த வேலை? பேசாம வீட்டைப் பார்த்துக்க" என்று அன்பாகச் சொல்லுவான். இன்றைய தனிக் கணக்கிலோ அவளுடைய நாலு இலட்சத்துக்கு வரியே கிடையாது. அவள் சம்பளம் அவளுக்கு முழுதாக மிஞ்சுகிறது. அவளை வேலைக்குப் போகவிடாமல் தடுக்க வருமான வரியைச் சாக்காகக் காட்ட எவனாலும் முடியாது.

மேல்நாட்டை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் கதையை முழுதாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் வருமானத்தை இரண்டாகப் பிளக்கும் முறை 1948இல் நாடு முழுமைக்கும் வந்தது. ஜெர்மனியில் இரண்டாகப் பிளக்கும் முறை 1958இல் வந்தது. இரண்டு நாட்டிலும் பெரும்பலன் கிடைத்தது நிறையச் சம்பாதிக்கும் ஒருவர், சம்பாதிக்காத துணை என்று அமைந்த வீடுகளுக்கு. இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. 1990 ஏப்ரல் வரை அங்கே மணமான பெண்ணின் வருமானம் சட்டப்படி கணவனின் வருமானமாகவே கருதப்பட்டது. அவனே அதைத் தன் கணக்கில் காட்டவேண்டும். நாகரிகத்தின் தொட்டில் என்று நம்மவர்கள் போற்றிய நாட்டில், ஒரு பெண் மருத்துவரின் சம்பளம் எவ்வளவு என்று அரசுக்குச் சொல்லவேண்டியவன் அவள் புருஷன்! கடைசியில் அவர்களும் தனிக் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள்.

நம் சட்டமும் தட்டுத் தடுமாறி அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் பங்காளிகளானால் இருவர் இலாபத்தையும் ஒருவர் தலையில் ஏற்றும் விதி ஒன்று முன்பு இருந்தது. அது செல்லும் என்று 1961இல் உச்சநீதிமன்றம் பாலாஜி வழக்கில் சொல்லிற்று. 1992இல் நாடாளுமன்றமே அதை நீக்கிற்று.

ஆனால் தனித்தனி ஆள் என்ற இந்த நேர்மையான கொள்கைக்குள் ஒரு பெரிய பொந்து இருக்கிறது. கல்யாணம் ஆனால் வரி குறையுமா என்ற கேள்விக்கு, 'ஆம், சிலருக்குக் குறையும்' என்று நாம் பதில் சொல்லவேண்டியிருப்பது அந்தப் பொந்தினால்தான். அதன் பெயர் பாகம் பிரியாத இந்துக் குடும்பம். கணவன் ஒரு ஆள், மனைவி ஒரு ஆள், இவர்களோடு 'குடும்பம்' என்ற மூன்றாவது ஆளையும் வருமான வரிச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குத் தனிப் பான் எண், தனிக் கணக்கு, தனி வரம்பு. 12 இலட்சச் சலுகை அதற்கு இல்லை என்றாலும் முதல் 4 இலட்சத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் படிப்படியான விகிதம் என்பதெல்லாம் அதற்கும் உண்டு. மண்ணில் நடமாடாத ஆள், மளிகைக் கடைக்குப் போகாத ஆள், வரி விலக்கு மட்டும் வாங்கிக்கொள்கிற ஆள்!

இந்த ஆள் எப்போது பிறக்கிறான்? பாகம் பிரித்து மூதாதையர் சொத்தில் பங்கு வாங்கிய மணமாகாத ஒருவர், தம்மைக் 'குடும்பம்' என்று கருதி வரி போடவேண்டுமென்று கேட்டார். 1974இல் சி. கிருஷ்ணபிரசாத் வழக்கில் உச்சநீதிமன்றம் மறுத்தது: ஒற்றை ஆள் குடும்பமாக மாட்டான். அவனே மணம் முடித்தால்? மனைவி வந்ததும் குடும்பம் ஆகிவிடும். அதாவது பரம்பரைச் சொத்து உள்ளவனுக்குத் தாலி கட்டிய அன்றே இரண்டாவது வரிக் கணக்கு ஒன்று சீதனமாக வந்து சேருகிறது.

நாமும் அப்படிச் செய்யலாமே என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். முடியாது தோழரே! உழைத்துச் சம்பாதித்ததைக் குடும்பச் சொத்து என்று அறிவித்துவிட்டால் போதாது. வாடகை வரும் தம் சொந்தக் கட்டடத்தை ஒருவர் அப்படிக் குடும்பத்தில் சேர்த்தார். வீட்டில் மனைவியும் மணமாகாத மகளும் இருந்தார்கள். அந்த வாடகை அவருடைய சொந்த வருமானமே என்று 1975இல் சுர்ஜித் லால் சாப்டா வழக்கில் தீர்ப்பாயிற்று. சட்டமும் தன் பங்குக்கு, 1969 டிசம்பர் 31க்குப் பிறகு அப்படிச் சேர்த்த சொத்தின் வருமானத்தைச் சேர்த்தவர் தலையிலேயே போடு என்று திருத்தப்பட்டது. தோட்டம், கட்டடம், பங்குகள் என்று பாட்டன் வைத்துவிட்டுப் போனவனுக்கே இந்த வாசல் திறக்கும். கூலி வாங்குகிறவனுக்கு மூடியிருக்கும். முஸ்லிம் தோழருக்கும் கிறித்தவத் தோழருக்கும் பாட்டன் சொத்தே இருந்தாலும் இந்த வாசல் கிடையாது.

இதில் பெண்ணின் நிலை என்ன தெரியுமா? அவள் வந்ததால்தான் அந்தக் கணக்கே பிறந்தது. ஆனால் அவள் அதில் உறுப்பினர் மட்டுமே, பங்காளி இல்லை. 'பாகம் பிரி' என்று கேட்கும் உரிமை அவளுக்கில்லை. பிறந்த வீட்டிலாவது இருந்ததா? 1989இல் தமிழ்நாடு அரசு சட்டம் செய்து மகளுக்கும் பங்குரிமை தந்தபோதுகூட, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமாகிப்போனவள் விடுபட்டாள். 2005இல் மத்தியச் சட்டம் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. ஆணுக்குக் கல்யாணம் ஒரு கணக்கைக் கூட்டித் தந்தது; பெண்ணுக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டது!

வாளையாற்றுக்கு அப்பால் பாருங்கள். கேரளம் 1975இல் சட்டம் செய்து, 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. அதனால் அங்கே ஆகாயம் இடிந்து விழவில்லை. பெண்களின் பங்கு குறித்து அந்தச் சட்டத்தின் மேல் பின்னாளில் வழக்குகள் எழுந்தன. அது வேறு விவாதம். கூட்டுக் குடும்பம் என்பது கைவைக்கக் கூடாத புனிதப் பொருளன்று என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கூட்டுக் கணக்கு வேண்டும் என்று வாதிடும் ஆடிட்டர் பெருமக்களை நாம் கேட்கிறோம்: இருக்கிற இந்தச் சலுகைக் கணக்கை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துங்கள் என்று ஏன் நீங்கள் ஒரு யோசனை அனுப்பக்கூடாது?

இனி நம் தோழர்கள் தெரியாமல் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். பணி ஓய்வுப் பணம் வருகிறது. மனைவி பெயரில் வைப்புத்தொகை போடுகிறார். அல்லது அவள் பெயரில் மனை வாங்கி நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். 'அவ பேருல இருக்குது, எனக்கென்னங்க' என்கிறார். சட்டம் அப்படிப் பார்க்காது. கணவன் ஈடு வாங்காமல் மனைவிக்குக் கொடுத்த சொத்தின் வருமானம் கணவன் கணக்கிலேயே சேரும். மருமகள் பெயரில் எழுதி வைத்தாலும் அப்படியே. ரொக்கமாகக் கொடுத்து அவளே முதலீடு செய்தாலும் தப்பாது என்பதை 1971இல் மோகினி தாப்பர் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. மணத்துக்கு முன்பே கொடுத்தால்? கல்கத்தாவில் ஒருவர் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பங்குகளை மாற்றிக் கொடுத்தார். மாற்றிய நாளில் அவள் மனைவி அல்லள், ஆகவே வருமானம் அவளுடையதே என்று 1963இல் தாமஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. முகூர்த்த நேரத்துக்கு வரிச் சட்டத்திலும் மதிப்பு இருக்கிறது போலும்!

பெரும்பாலான தோழர்களுக்குக் கூட்டினாலும் 12 இலட்சத்தைத் தாண்டாது என்பதால் வரி வந்துவிடாது. ஆயினும் எது அவளுடையது, எது அவனுடையது என்று தெளிவாக எழுதிவைப்பது நல்லது. தாய்வீட்டுச் சீராக வந்த நகையும் மனையும் அவளுடையவை. அந்த மனையின் வாடகையும் அவளுடையதே. செக்கிங், கைமடி வேலைக்குப் போய் வாங்கிய கூலியும், அந்தக் கூலியில் கட்டிய சீட்டும் அவளுடையவை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததுகூட அவளுடையதே என்று நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. கணவனின் சிறு கம்பெனியில் மனைவி சம்பளம் வாங்கினால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ அவளுக்கு இல்லாவிட்டால் அந்தச் சம்பளம் கணவன் கணக்கில் ஏறும். அந்தத் தகுதிக்குப் பட்டச் சான்றிதழ்தான் வேண்டுமென்பதில்லை, அனுபவ அறிவும் தகுதியே என்று 1985இல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னதைத் திருப்பூர்த் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பத்தாண்டு தையல் பிரிவை மேய்த்தவளுக்கு எந்தப் பட்டம் வேண்டும்?

அரசாங்கத்தின் இரட்டை நாக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். வரி வாங்கும்போது தனி ஆள் என்பவர்கள், உதவி தரும்போது குடும்பம் என்கிறார்கள். 2019இல் தொடங்கிய பிரதமரின் உழவர் உதவித் திட்டத்தில் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அதில் ஒருவர் முந்திய ஆண்டு வருமான வரி கட்டியிருந்தாலும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடையாது. வசதியுள்ள வீட்டுக்கு உதவி எதற்கு என்பது நியாயமே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் யார் குடும்பம், யார் தனி ஆள் என்பதைச் சட்டம் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதற்கு இது நல்ல பாடம். நாளைக்குக் கூட்டுக் கணக்கு 'விருப்பம்' என்று வரும். மறுநாள் எல்லாப் படிவத்திலும் 'குடும்ப வருமானம்' என்ற ஒரே கட்டம்தான் இருக்கும்.

கொங்கு நாட்டுப் பெண்ணின் கூலிக்குக் கல்யாணத்தின் பேரால் குறி வைப்பது புதிதன்று. பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்றும் திருமகள் திருமணத் திட்டம் என்றும் மங்கலப் பெயர் சூட்டி, மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, 'மொத்தத் தொகை முடிவில் தருகிறோம், அது உன் கல்யாணத்துக்கு' என்று சொன்ன கொடுமையை நாம் மறக்கவில்லை. மாதா மாதம் அவள் கையில் விழவேண்டிய கூலியை, மாலை விழும் நாள் வரை பிடித்து வைத்தார்கள். இடையில் நோய்வாய்ப்பட்டு வெளியேறியவளுக்கு அந்தத் தொகையும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கூலியை ஆலை பிடித்து வைக்கிறது. கல்யாணத்துக்குப் பின்னால் கணவன் கணக்கு விழுங்கட்டும் என்றால், அந்தப் பெண் தன் பெயரில் ஒரு ரூபாயை எந்த வயதில்தான் பார்ப்பது?

ஆகவே கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். கணக்குத் தாக்கல் காலத்தில் கிளை அலுவலகத்தில் இரண்டு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கூலி வாங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சொந்தப் பான் எண்ணும் சொந்த வங்கிக் கணக்கும் உண்டா என்று பாருங்கள். வைப்புத்தொகை வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தால், கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதைச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு ஒரு இலட்சம். 'இங்கே கையெழுத்துப் போடு' என்று கணவன் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் படித்துப் பார்க்கட்டும். அவள் கணக்கோடு இணைந்திருப்பது யாருடைய கைபேசி எண் என்பதை முதலில் விசாரியுங்கள். பத்தில் பாதி கணவனுடையதாக இருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். எண்ணை மாற்றுங்கள், வரித்துறை அனுப்பும் கடவு எண் அவள் கைபேசிக்கு வரட்டும், அதை அவளே படித்துச் சொல்லட்டும்.